தராசடியில் பழகியது

சென்ற ஆண்டு எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு பெண் என்னிடம் கேள்வி ஒன்று கேட்டாள். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். வேதத்தில் கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் ஆவியின் கனிகள் ஒன்பதையும் ஒரே மூச்சில் சொன்னாள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். சொல்லி முடித்துவிட்டு, "ஐயா, இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்றாள்.

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஜெபம் பண்ணு, வேதம் வாசி என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆறு மணி என்னை விடவில்லை. ஜெபமும் வேத வாசிப்பும் வேர். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவளுக்கு இருந்த சிக்கல் வேறு. இரவுப் பணி முடிந்த தோழி நோயாளிகளின் விவரத்தை அரைகுறையாக ஒப்படைத்துவிட்டுப் பையைத் தூக்குகிற அந்த நிமிடத்தில், தன் வாயிலிருந்து வரப்போகும் சொல்லை என்ன செய்வது என்று கேட்டாள். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் 27 ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். இப்போது அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். இறையியல் படித்தவன் அல்லன். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைத் தராசடியிலும், பிறகு இந்தத் தெருக் குழாயடியிலும் கற்றுக்கொண்டேன்.

முதலில் வழுக்குகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாட்களுக்கு, தவறிய ஒவ்வொரு முறையும் நான்கே விவரம் எழுதுங்கள்: மணி என்ன, எந்த இடம், எதிரில் யார், நான் என்ன சொன்னேன் அல்லது செய்தேன். "பெருமை கொண்டேன்", "பொறுமை இழந்தேன்" என்றெல்லாம் எழுத வேண்டாம். அப்படி எழுதும்போது நடந்த செயல் மறைந்துபோய் அதற்கு வைத்த பெயர் மட்டும் மிஞ்சும். "காலை 6.10, வார்டு மேசை, இரவுப் பணித் தோழி, 'உனக்கு எப்போதும் இதே வேலைதானா?' என்று நான்கு பேர் கேட்கும்படி சொன்னேன்." இவ்வளவு போதும்.

மூன்றாம் நாள் இரவு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நாள் முழுவதும் எங்கெங்கோ தவறுகிறோம் என்று நினைத்திருப்போம். ஆனால் ஒரே மணியும் ஒரே முகமும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எனக்குத் தெரிந்து, இப்படி எழுதிப் பார்த்த யாருக்கும் மூன்று இடங்களுக்கு மேல் வந்ததில்லை. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கனிகளையும் ஒரே வாரத்தில் பறிக்கக் கிளம்புகிறவர்கள் பத்தாம் நாள் நோட்டையே தேடமாட்டார்கள்.

அந்த ஓர் இடத்துக்கு என்று ஒரு சிறு செயலை வையுங்கள். அது கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். செய்தோமா இல்லையா என்று இரவில் ஐயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். "அன்பாக இருப்பேன்" என்பது செயல் அல்ல. "பத்து நிமிடம் முன்னதாகப் போய், 'இன்றிரவு உன்னை அதிகம் அலைக்கழித்த நோயாளி யார்?' என்று அவளிடம் முதலில் கேட்பேன்" என்பது செயல். எவ்வளவு காலம் என்று கேட்டால், லெந்துக்காலம் போல நாற்பது நாள் என்பேன். அதற்குக் குறைவாக எதுவும் உடம்பில் ஊறுவதில்லை.

என்னுடைய இடம்

ஏற்காட்டில் பழம் எடுப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். மாலையில் சீக்கிரமே பனி இறங்கிவிடும். எடுத்த பழத்தைப் பெண்கள் சாக்கில் பரப்பி, பச்சைக் காயைப் பொறுக்கித் தள்ளிவிட்டு, மூட்டையைத் தலையில் ஏற்றித் தராசடிக்குக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலும் சேர்வராயன் மலைக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். பெயர் அப்படியே தவிர, பேசுவது தமிழ்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கட்டையில் கட்டித் தொங்கவிட்ட கொக்கித் தராசு, அதன் பக்கத்தில் பதிவேட்டோடு நான்.

சாக்குக்கும் ஈரத்துக்குமாக மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது நான் வேலையில் சேருமுன்பே அங்கிருந்த வழக்கம். மழையில் நனைந்த சாக்கு கனக்கும். அதற்காக ஏற்பட்ட கழிவு அது. காய்ந்த சாக்கு ஒரு கிலோகூட வராது. ஆனால் மழையே இல்லாத ஜனவரியிலும் நான் இரண்டு கிலோ கழித்தேன். அதோடு நிற்கவில்லை. முள் 23-ஐத் தாண்டி 24-க்குப் பக்கத்தில் நின்றாலும் 23 என்றே எழுதினேன். அதைச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் கட்டளையிடவில்லை. என் கணக்கு ஒருநாளும் இடிக்காது, கறாரான ஆள் என்று மேலே ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகச் செய்தேன். ஒரு ரூபாயும் என் பைக்கு வராததால், அது திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்து வந்ததும் நான்தான்.

ஒரு மாலை, வயதான அம்மா ஒருவர் மூட்டையை இறக்கிய பிறகும் நகரவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது. முள்ளைப் பார்க்கத் தெரியும். "கணக்குப்பிள்ளை, முள் ஒன்று சொல்கிறது, உங்கள் வாய் ஒன்று சொல்கிறது" என்றார். குரலில் கோபமே இல்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னார். நான் பதில் சொல்லாமல் அடுத்த மூட்டையைக் கொக்கியில் மாட்டினேன். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகளில் பதினோராம் அதிகாரம் தொடங்குகிறது. எத்தனையோ முறை உரக்க வாசித்த வசனம். கடைத்தெரு வியாபாரிக்குச் சொன்னது என்றே அதுநாள்வரை எண்ணியிருந்தேன்.

இனி உண்மையாக இருப்பேன் என்று மட்டும் தீர்மானித்திருந்தால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகியிருப்பேன். என் மனம் எனக்குத் தெரியும். அதனால் மறுநாள் தராசைத் திருப்பிக் கட்டினேன். அதுவரை முள் என் பக்கம் பார்த்திருந்தது. மூட்டை கொண்டுவருகிறவர் பக்கம் பார்க்கும்படி மாற்றினேன். எடையை முதலில் அவர் சொல்ல வேண்டும், பிறகு நான் எட்டிப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு எழுத வேண்டும் என்று வைத்தேன். ஒவ்வொரு மாலையும் எடை தொடங்குமுன் ஒரு வெறும் சாக்கை எல்லார் முன்னும் நிறுத்து, அன்றைய கழிவு இவ்வளவு என்று பலகையில் சாக்பீஸால் எழுதினேன். மேலிடத்தில் முதலில் முகம் சுளித்தார்கள். வெறும் சாக்கைக் கொண்டுபோய் அவர்கள் மேசையிலேயே எடை போட்டுக் காட்டியபின் சரி என்றார்கள்.

என் மனம் நேராகும்வரை நான் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொய் எழுத முடியாதபடி இடத்தை மாற்றினேன். மனம் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. முதல் சில வாரங்கள் உள்ளே ஒரே முணுமுணுப்பு. கறாரான ஆள் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம். ஒவ்வொரு அரைக் கிலோவும் என் சதையிலிருந்து போவதுபோல் இருந்தது. அடுத்த பருவத்தில் ஒரு நாள், முள் நின்ற இடத்தை அப்படியே எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, முணுமுணுப்பு போய்ப் பல நாள் ஆகிவிட்டது என்பது தெரிந்தது. அது எந்த நாளில் போனது என்று என்னால் சொல்ல முடியாது. கர்த்தர் செய்தது அது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பியும் இதே போன்ற சங்கடத்தோடு வந்தான். வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள், முடித்த கொலுசை நிறுத்து வாங்குவார்கள். உருக்குவதிலும் அராவுவதிலும் போவதற்குச் சேதாரம் என்று ஓர் அளவு உண்டு. உண்மையில் போனது அந்த அளவைவிடக் குறைவு என்றால் மிச்சம் யாருக்கு? பட்டறைக்குப் பட்டறை வழக்கம் வேறாக இருக்கலாம். அதனால் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "கொடுத்தவரிடமே கேட்டுவிடு. கேட்க நாக்குக் கூசினால் உனக்கே பதில் தெரிந்திருக்கிறது" என்றேன். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு சேதாரம் இருக்கும். அலுவலகத் தாளாக இருக்கலாம், வேலை நேரத்தில் அரை மணியாக இருக்கலாம், பயணப்படிக் கணக்காக இருக்கலாம். நோட்டில் அந்த இடத்தைத் தேடுங்கள்.

திருப்பிக் கொடுப்பது

மனந்திரும்பியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில், வரி வசூலிக்கிற சகேயு கர்த்தரை வீட்டில் ஏற்றுக்கொண்டதும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்று நின்று சொல்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை. திரும்பக் கொடுக்கக்கூடியதைக் கொடுக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்பது, கடனைக் கொடுக்காமல் நலம் விசாரிப்பது போன்றது.

அந்தப் பருவத்தின் பதிவேடு என் கையில் இருந்தது. மூட்டைக்கு ஒரு கிலோவும், விட்ட அரைக் கிலோவும் சேர்த்துப் பெயர்வாரியாகக் கணக்குப் போட்டேன். சந்தேகம் வந்த இடங்களில் அவர்கள் பக்கம் கூட்டினேன். நாலத்தனை கொடுக்க எனக்கு வசதியில்லை. இரண்டத்தனையாக, மூன்று மாதச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். வளையல் வாங்க வைத்திருந்த பணத்தைக் கேட்காமலே எடுத்து வைத்தாள்.

மன்னிப்புக் கேட்கும் முறை பற்றி அப்போது கற்றதைச் சொல்கிறேன். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "உங்கள் மூட்டையில் எடையைக் குறைத்து எழுதினேன்." அதற்குப் பிறகு "ஆனால்" வேண்டாம். "அங்கே வழக்கம் அப்படி" என்பதும் வேண்டாம். "மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று அவர்கள் மனதுக்கு வேலை கொடுக்க வேண்டாம். சொல்லிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். ஒரு பெண் பணத்தை வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். எனக்கு வலித்தது. ஆனால் அது அவருடைய உரிமை. மன்னிப்பை உடனே கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைப்பதும் ஒருவகைப் பேராசைதான்.

பதிவேட்டில் இருந்த மூன்று பேரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பெயரையும் தொகையையும் எழுதிய துண்டுத்தாள் லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில் இன்றும் இருக்கிறது.

பொறுமை யாருக்குச் சொன்னது

காப்பிச் செடி மார்ச், ஏப்ரலில் வருகிற முதல் மழைக்காகக் காத்திருக்கும். மழை பெய்த எட்டு, பத்து நாளில் மொட்டு விரிந்து மலையே வெள்ளையாகிவிடும். மல்லிகை போன்ற வாசம். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அத்தோடு வேலை முடியவில்லை. அடுத்த சில வாரங்களுக்குள் பின்மழை ஒன்று வர வேண்டும். வராவிட்டால் பிஞ்சு நிற்காது. அதன்பின் பழமாக எட்டு, ஒன்பது மாதம். யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்று வாசிக்கும்போது எங்கள் மலை ஆலயத்தில் வயதானவர்கள் தலை அசையும். இரண்டு மழையையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்த வசனம் ஏழாவது. நான் பல ஆண்டுகள் ஏழாவதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கூலிப் பட்டுவாடா இரண்டு வாரம் தள்ளிப்போனது. வரிசையில் நின்றவர்களிடம் நான், "பொறுமையாயிருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். நல்ல வார்த்தை சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தைத் திறந்தேன். ஏழாம் வசனத்துக்குச் சற்று மேலே நான்காம் வசனம் இருந்தது: வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது. லேவியராகமமும் கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்திருக்காதே என்றுதான் சொல்கிறது. பொறுமையைப் போதித்த அதே பக்கத்தில் கூலியும் நின்று கத்திக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறேன். எனக்கு வரவேண்டியது தாமதமானால் பொறுமையைப் பழகுவேன். நான் கொடுக்க வேண்டியது தாமதமானால் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டேன். "தவறு எங்களுடையது, இந்தத் தேதிக்குள் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி, அலுவலக வாசலில் நான் போய் நிற்பேன். வீட்டு வேலை செய்கிறவருக்கும், இஸ்திரி போடுகிறவருக்கும், பால்காரருக்கும் நாம் தரவேண்டியது எத்தனை நாள் நிற்கிறது என்று இன்று மாலை எண்ணிப் பாருங்கள். பொறுமையைப் பற்றி எதையும் பழகுமுன் அந்தக் கணக்கைத் தீருங்கள்.

சரி, எனக்கு வரவேண்டியது தாமதமாகும்போது என்ன செய்வது? சும்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அது பொறுமையாகாது. அடக்கி வைத்த கோபம் வேறொரு வேளையில் வெளியே வரும். மழைக்குக் காத்திருக்கிறவன் களை எடுக்கிறான், நிழல் மரத்தின் கிளையைக் கழிக்கிறான், உரக்குழி வெட்டுகிறான். காத்திருப்பதற்குள் ஒரு வேலை இருக்க வேண்டும். இந்தத் தெருவில் மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்ததும் பக்கத்து வீட்டு அம்மா வழக்கமாக இரண்டு குடம் கூடுதலாக வைப்பார். எனக்கு உள்ளே கொதிக்கும். என் நோட்டில் அது நான்கு முறை வந்துவிட்டது. அதற்கு நான் வைத்த செயல், அவர் குடத்தை நானே குழாயடியில் பிடித்துக் கொடுப்பது. பதினொன்றாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, அவர் கணவர் படுத்த படுக்கையாக இருப்பதும், துணி அலச எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கிறது என்பதும் தெரியவந்தது. இத்தனை மாதம் குடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாய்க்குக் காவல் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிடம்தான் பல வீடுகளில் ஆபத்தான நேரம். கை கால் கழுவி, ஒரு குவளை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எதைப் பற்றியும் குறை சொல்வதில்லை என்று வையுங்கள். தண்ணீர் குடிக்கும்போது, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141-ஆம் சங்கீதத்தின் வேண்டுதலை மனதுக்குள் சொல்லலாம். நான் சொல்கிறேன்.

ஒரு பிடி அரிசி

தாராள குணத்தைப் பழக நம்மிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. அது அழிந்துவருவது எனக்கு உண்மையாகவே வருத்தம். என் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அடுப்படியில் இருந்த தனிப் பானையில் போடுவார். பிடியரிசி. மாதம் ஒருமுறை அது ஆலயத்துக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை. பிடி சிறியதாகும், நிற்காது. மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இது சமைக்கும் முன்னே எடுக்கப்படுவது, ஒவ்வொரு வேளையும் கை பழகுவது, பிறர் பசியை அடுப்படியிலேயே நினைத்துக்கொள்வது.

வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று லேவியராகமம் சொல்கிறது. காப்பித் தோட்டத்தில் இதை அப்படியே செய்ய முடியாது. எடுப்பு முடிந்ததும் மரத்தில் தங்கியதையும் தரையில் உதிர்ந்ததையும் ஒன்றுவிடாமல் பொறுக்கியாக வேண்டும். விட்டால் காய்த்துளைப்பான் என்ற பூச்சி அதிலேயே தங்கி அடுத்த பருவத்தைக் கெடுத்துவிடும். இதை நான் ஒரு சாக்குப்போக்காகவே வைத்திருந்தேன்: எங்கள் தொழிலில் ஓரம் விட வழியில்லை என்று. பிறகு மகள்தான் கேட்டாள், "அப்பா, வயலுக்கு ஓரம் இல்லாவிட்டால் நமக்கும் ஓரம் இல்லையா?" என்று. இப்போது எங்கள் வீட்டில் எவர்சில்வர் டப்பா ஒன்றில் பிடியரிசி மறுபடி சேர்கிறது. பேத்திதான் போடுகிறாள். அவள் கை சின்னது என்பதால் இரண்டு பிடி. சோறு சமைப்பதே குறைந்துவிட்ட வீடுகளில், கடையில் காய்கறி வாங்கும்போது ஒரு பொருளைக் கூடுதலாக எடுத்துத் தனிப் பையில் போடலாம். எதுவாக இருந்தாலும் தினமும் நடக்க வேண்டும், செலவுக்கு முன்னால் நடக்க வேண்டும்.

ஆலயத்தில் காணிக்கையாக வந்த விளைபொருட்களை விற்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பூசணிக்காயை மூவாயிரம், நாலாயிரம் என்று கூட்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது, கூட்டமும் மகிழ்கிறது. ஆனால் என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்தது, பத்து வருடம் கழித்தும் அந்தத் தொகை எனக்கு நினைவிருக்கிறது. பிடியரிசி எத்தனை பிடி போட்டோம் என்று என் அம்மாவுக்கு ஒருநாளும் தெரியாது. உங்களுக்கும் அப்படி நெஞ்சு நிமிர்கிற இடம் இருந்தால், இந்த ஆண்டு அந்தத் தொகையை உறையில் பெயரில்லாமல் போட்டுவிட்டு, ஏலத்தில் நாற்காலி எடுத்துப் போடும் வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

இரவில் ஐந்து நிமிடம்

படுக்கப் போகுமுன் நோட்டை எடுங்கள். அன்றைய செயலைச் செய்தேனா? செய்யாவிட்டால் எந்த நொடியில் விட்டேன்? இன்றே சரிசெய்ய வேண்டிய யாராவது இருக்கிறாரா? சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதியிருக்கிறது. அஸ்தமித்துவிட்டால்கூட பக்கத்து அறைக்கு நடந்துபோய் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் உட்காராதீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. காப்பிச் செடிக்கு நிழல் அளவாக இருக்க வேண்டும். சில்வர் ஓக் மரங்களின் கிளையைக் கழிக்காமல் விட்டால் நிழல் மண்டிப் பூ குறையும். ஒட்ட வெட்டிவிட்டால் வெயிலில் இலை கருகி, தண்டுத்துளைப்பான் ஏறிவிடும். தன்னைத்தானே ஆராய்வதும் அப்படித்தான். ஒன்றுமே பார்க்காமல் விடுகிறவர்களும் உண்டு; இரவெல்லாம் தன்னை வெட்டிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகை ஆட்களைத்தான் நான் சபையில் அதிகம் பார்க்கிறேன், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு நான் சொல்வது: எழுதுங்கள், அறிக்கையிடுங்கள், நோட்டை மூடுங்கள், தூங்குங்கள். கிறிஸ்து சுமந்து தீர்த்ததை நீங்கள் மறுபடி தலையணைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு துணையும் வேண்டும். வாரம் ஒருமுறை நோட்டைத் திறந்து காட்டக்கூடிய ஒருவர். அறிவுரை சொல்கிறவராக இருக்கக் கூடாது, கேட்டு வைத்துக்கொள்கிறவராக இருக்க வேண்டும், வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். எனக்கு ஏற்காட்டில் ஒரு நண்பர் இருந்தார், பள்ளியில் சமையல் வேலை செய்தவர். வியாழன் மாலை ஏரிக்கரையில் ஒரு சுற்று நடப்போம். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பெரும்பாலும், "சரி, அடுத்த வியாழன் என்ன சொல்லப்போகிறாய் என்று பார்ப்போம்" என்று மட்டும் சொல்வார். அந்த அடுத்த வியாழனை நினைத்தே பல புதன்கிழமைகள் நேராகப் போயின.

நாற்பது நாள் முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் போங்கள். பழையது மறுபடி வழுக்கினால் வெட்கப்படாமல் அதற்கே திரும்புங்கள். பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் விசுவாசத்தோடே தைரியத்தையும், தைரியத்தோடே ஞானத்தையும் என்று ஒன்றோடு ஒன்று கூட்டிக்கொண்டே போகிறது. ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை எடுக்கச் சொல்லவில்லை.

செவிலியராக இருக்கிற அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தாள். தோழியிடம் அந்தக் கேள்வியை முதல் நாள் கேட்டபோது, "ஏன், குறை கண்டுபிடிக்கவா?" என்று பதில் வந்ததாம். ஒன்பதாம் நாள் தோழி உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினாளாம். தன் கோபம் இன்னும் போகவில்லை என்றாள். "வருகிறது ஐயா, ஆனால் வாசலில் நிற்கிறது" என்றாள்.

என் துண்டுத்தாளில் இருக்கும் மூன்று பேரில் ஒருவரைப் பற்றிப் போன வாரம் செய்தி கிடைத்தது. திருப்பூரிலிருந்து திரும்பிவந்து, குப்பனூர் வழியாக மலையேறுகிற பாதையில் ஒரு கிராமத்தில் பேரனோடு இருக்கிறாராம். தொகையை இன்றைய கூலிக்கு மாற்றிக் கணக்கிட்டு உறையில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். முழங்கால் வலிக்கிறது என்று மகள் கூட வருகிறாள்.